தியாகுவுக்குக் கொதிப்பு இறங்கிய விழா

தியாகுவுக்கு மூன்று நோய் இருந்தது. ஏழைக்கு ஒரு நோய் வந்தால் அனுதாபம் கிடைக்கும். இரண்டு வந்தால் அறிவுரை கிடைக்கும். மூன்று வந்தால் அது அதிகப்பிரசங்கித்தனம். மலாக்காவின் ஐக்கிய தர்ம ஆஸ்பத்திரி அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது.

தியாகு செமாபோக் ஊருக்குப் போகும் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒரு மத்தியானம் வண்டி ஓடும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, பிரேக்கையும் போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் ஸ்டியரிங் மேல் சாய்ந்தார். அப்படிப்பட்ட மனிதர். அந்தத் தடவை பிழைத்துக்கொண்டார். இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று கெட்டிருந்தது. ரத்தக் கொதிப்பும் இனிப்பு நீர் என்கிற சர்க்கரை நோயும் அதற்கு முன்பே உடம்பில் வந்து குடியிருந்தன. இந்த இரண்டையும் அடக்காமல் நெஞ்சைத் தேற்ற முடியாது, மூன்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்று அப்போது இருந்த வெள்ளைக்கார டாக்டர் அரைகுறை மலாயில் திட்டிக்கொண்டே சொன்னார். அந்த ஆள் தெய்வம் ஒன்றுமில்லை; பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியாதவர், எல்லாத் தமிழனும் அவருக்கு 'ராமசாமி'தான். ஆனால் அவருக்கு ஒரே அறைதான் இருந்தது. திட்டு, மருந்து, ஊசி எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தன.

மலாயாவுக்குச் சுதந்திரம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் கப்பலேறினார். அவருடைய நாற்காலிக்கு மூன்று டாக்டர்கள் ஆசைப்பட்டார்கள். நிர்வாகக் குழுவில் இருந்த பணக்காரர்கள் யார் மனதையும் நோகடிக்க விரும்பவில்லை. ஆகவே நாற்காலியை வெட்டாமல் ஆஸ்பத்திரியை வெட்டினார்கள். டாக்டர் ராஜரத்தினத்துக்கு இருதயப் பிரிவு, டாக்டர் பொன்னுதுரைக்குக் கொதிப்புப் பிரிவு, டாக்டர் ஷரீஃபுதீனுக்கு இனிப்பு நீர்ப் பிரிவு. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். ஆஸ்பத்திரி மூன்றுபட்டதில் பெயர்ப்பலகை எழுதுகிறவனுக்குக் கொண்டாட்டம். தனித்தனி வாசல், தனித்தனி பெஞ்சு, நடுவில் காகிதப்பூச் செடி வைத்து வேலி. ஒரு வாசலில் நுழைந்தவன் இன்னொரு வாசலுக்குப் போக வேண்டுமானால் ரோட்டுக்கு இறங்கிச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டும்.

தியாகுவின் மனைவி பாக்கியலட்சுமிக்கு முதலில் இது பெருமையாகக்கூட இருந்தது. ஒரு டாக்டர் பார்த்த இடத்தில் மூன்று டாக்டர்கள் பார்க்கப் போகிறார்களே என்று நினைத்தாள். அவளுடைய சந்தோஷம் அடுப்படி வரைக்கும் வரவில்லை. உப்பைக் கண்ணால் பார்க்கக் கூடாது என்றது கொதிப்புப் பிரிவு. சோறு அரை மங்கு, அரைக் கிண்ணம்தான், தினம் காலையில் புக்கிட் பாரு வரை நடக்க வேண்டும் என்றது இனிப்பு நீர்ப் பிரிவு. கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது, தெம்புக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடு என்றது இருதயப் பிரிவு. அவள் நேராக டாக்டர் ஷரீஃபுதீனிடம் போய் நின்றாள்.

"டாக்டர், நீங்க நடக்கச் சொல்றீங்க. அங்க படுக்கச் சொல்றாங்க. நான் என்னா செய்யட்டும்?"

"நடக்கும்போது உங்க வீட்டுக்காரர் என் நோயாளிம்மா," என்றார் ஷரீஃபுதீன் மிகவும் பொறுமையாக. "மூச்சு வாங்கி உக்காந்துட்டா அவங்க நோயாளி. எல்லை தெளிவாத்தானே இருக்கு?"

"குளுக்கோஸ் தண்ணி கொடுக்கலாமா?"

"கொடுங்க. ஆனா கொடுத்துட்டு இந்தப் பக்கம் வராதீங்க."

காஜா பெராங்கில் பாக்கியத்தின் பக்கத்து வீட்டுக்காரி சீதா. பல தலைமுறையாக மலாக்காவிலேயே கலந்துவிட்ட செட்டி சமூகத்துப் பெண். மாரியம்மனுக்குப் படைப்பாள், கெபாயாச் சட்டை போடுவாள், பேசுவது மலாய். தமிழ் அங்கொன்றும் இங்கொன்றுமாக வரும். அவள் விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "பாடான் சத்து, டோக்தோர் தீகா, மானா போலே?" என்றாள். உடம்பு ஒன்று, டாக்டர் மூன்று, எப்படி ஆகும் என்று. கேள்வி சரியானதுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

ஆகஸ்டு கடைசியில் சுதந்திரம் வந்தது. ஊரெல்லாம் குடியுரிமைப் பேச்சு. இந்த நாட்டுக் குடியுரிமை வேண்டுமானால் மற்ற நாட்டு உறவை விட வேண்டும், இரட்டைக் குடியுரிமை கிடையாது என்று காப்பிக்கடை தோறும் விவாதம். இது டாக்டர் ராஜரத்தினத்தின் காதிலும் விழுந்தது. நல்ல யோசனை எங்கே கிடைத்தாலும் அதை எடுத்துக் கெடுக்கத் தெரிந்தவர் அவர். ஆஸ்பத்திரி முற்றத்தில் நோயாளிகளை வெயிலில் நிறுத்திவைத்துப் பேசினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நாடே இன்று ஒருவருக்கு ஒரு குடியுரிமை என்கிறது. நாம் மட்டும் ஒருவரையே இரண்டு, மூன்று நோய்களில் அலைய விடலாமா? இனி இந்த ஆஸ்பத்திரியில் ஒருவருக்கு ஒரு நோய்தான். எதை வைத்துக்கொள்வது என்பது உங்கள் விருப்பம். இதுவல்லவா சுதந்திரம்! மற்ற நோய்களை மனப்பூர்வமாகத் துறந்துவிட்டு, விசுவாசத்தோடு ஒரே பிரிவுக்கு வாருங்கள். அடிமை நாட்டில் வெள்ளைக்காரன் உங்கள் மீது சுமத்திய நோய்களை நீங்கள் ஏன் சுமக்க வேண்டும்?"

கைதட்டினார்கள். ஒற்றை நோய்க்காரர்கள் பலமாகவே தட்டினார்கள்.

அன்றைக்குச் சாயந்தரம் புருஷனும் பெண்டாட்டியும் எந்த நோயை வைத்துக்கொள்வது என்று யோசித்தார்கள். உலகத்தில் எந்தக் குடும்பத்துக்கும் வராத யோசனை. கொதிப்புப் பிரிவில் கூட்டம் குறைவு. இனிப்பு நீர்ப் பிரிவில் ஊசி போடுவார்கள். இருதயப் பிரிவில் கட்டில் இருந்தது.

"நெஞ்சையே வச்சிக்கலாம் பாக்கியம்," என்றார் தியாகு. "மத்தது ரெண்டும் சத்தமில்லாம கெடக்குது. இதுதான் பஸ்ஸ நிறுத்துனிச்சு."

"அந்த ரெண்டும் சேந்துதானே நெஞ்சக் கெடுக்குதுன்னு வெள்ளக்காரன் சொன்னான்?"

"அவன்தான் போய்ட்டானே லா. இப்ப நம்ம ஆளுங்க. தெரியாமலா சொல்லுவாங்க?"

அந்த நம்பிக்கையை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. நம்ம ஆளுங்க என்று அவர் சொன்ன குரலில் எவ்வளவு ஆசை இருந்தது என்பது பாக்கியத்துக்குத்தான் தெரியும்.

மறுநாள் இருதயப் பிரிவில் டாக்டருக்கு உதவியாளாக இருந்த டிரஸர் நல்லையா முன்னால் தியாகு வலது கையைத் தூக்கி உறுதிமொழி எடுத்தார். "இன்று முதல் எனக்கு இனிப்பு நீர் இல்லை, ரத்தக் கொதிப்பும் இல்லை." நல்லையா சத்தம் போதவில்லை என்றார். தியாகு சத்தமாகச் சொன்னார். சொன்னதில் மூச்சு வாங்கியது. அன்றோடு இன்சுலின் ஊசி நின்றது.

டாக்டர் ராஜரத்தினம் நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார். முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"இது சரிப்படாதும்மா. உங்க கணவருக்குக் கொதிப்பால இருதயம் வீங்கியிருக்கு. இனிப்பு நீரால குழாயெல்லாம் அடைச்சிருக்கு. ரெண்டும் வெளியாளுங்க செஞ்ச சேதம். சொந்தமாக் கெட்டுப்போன இருதயத்தத்தான் நாங்க பாப்போம். இது கலப்பு."

"இப்ப அந்த நோயெல்லாம் இல்லைன்னு சத்தியம் பண்ணியாச்சே டாக்டர்?" என்றாள் பாக்கியம்.

"சத்தியம் வாயில இருக்கு. சேதம் உள்ள இருக்கு. வேற பிரிவு பாத்த வேலைக்கு என் பிரிவு பொறுப்பேத்துக்க முடியுமா? எங்க சாவுக் கணக்கு என்னா ஆகுறது?"

கலப்பு என்ற சொல்லை அவர் மூக்கைச் சுளித்துக்கொண்டு சொன்னார். சாமி பெயர் தமிழிலும் பலகாரத்தின் பெயர் மலாயிலும் இருக்கிற ஊர் இது. கலக்காத மனிதனை இந்த ஊரில் எங்கே போய்த் தேடுவது? நோய் மட்டும் இங்கே குலம் கோத்திரம் பார்த்து வர வேண்டுமாம்.

இனிப்பு நீர்ப் பிரிவுக்குப் போனார்கள். துறந்துவிட்டுப் போனவருக்கு மறுபடி இடமில்லை, துரோகிகளுக்கு ஊசி போட்டால் விசுவாசிகள் மனம் புண்படும் என்றார் ஷரீஃபுதீன். இருந்த நாற்காலியும் போய் நின்ற இடமும் போன நிலைமையில், கடைசியாகக் கொதிப்புப் பிரிவில் டாக்டர் பொன்னுதுரை அவர்களை இரு கை நீட்டி வரவேற்றார். ஒரே நிபந்தனை: அங்கே சர்க்கரை என்ற பேச்சும் நெஞ்சு என்ற பேச்சும் எழக் கூடாது. மாத்திரை கொடுத்தார். தியாகு விழுங்கினார். கொதிப்பு இறங்கவில்லை. இறங்காதது பொன்னுதுரைக்குப் பெரிய மனக்குறை. ஏனென்றால் பிரிவின் வெற்றி விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. கோலாலம்பூரிலிருந்து பெரிய மனிதர் ஒருவர் வருகிறார். மேடையில் உட்காரவைக்கக் குணமான நோயாளி ஒருவர் வேண்டும்.

விழா அன்று காலையில் தியாகு முகம் கழுவப் போனவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். உடம்பெல்லாம் வேர்வை. பனியன் பிழிந்து எடுக்கிற மாதிரி நனைந்திருந்தது. மூச்சு இழுத்தது. முகம் சாம்பல் பூத்திருந்தது.

"என்னாங்க, நெஞ்சு வலிக்குதா?"

"வலியெல்லாம் இல்ல புள்ள. என்னமோ ஆளு கரையிற மாதிரி இருக்கு."

சீதாவின் மகன் டாக்சி பிடித்து வந்தான். இருதயப் பிரிவின் வாசலில் டிரஸர் நல்லையா கையைக் குறுக்கே நீட்டினார்.

"வலி இருக்கா?"

"இல்லீங்க. மூச்சுதான் முட்டுது. வேத்து ஊத்துது பாருங்க."

"வலி இல்லாம இங்க யாரும் வரக் கூடாது. அது சட்டம்."

பாக்கியம் அவருடைய கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். டாக்டர் ராஜரத்தினம் விழாவுக்காக டை கட்டிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"எனக்குத் தெரியாததில்லம்மா. வெளிநாட்டுச் சஞ்சிகையெல்லாம் படிக்கிறவன் நான். இனிப்பு நீர் ரொம்ப நாள் இருந்தா நரம்பு செத்துப்போகும். இருதயம் அடைச்சாக்கூட வலி தெரியாது. வேர்வையும் மூச்சுத் திணறலும்தான் இருக்கும். இவருக்கு அப்படித்தான் ஆயிருக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப பாருங்க டாக்டர்! கட்டில்ல போடுங்க!"

"எப்படிப் போட முடியும்? எங்க பிரிவுக்கு வலிதான் ஆதாரம். அந்த வலியக் காணாம அடிச்சது இனிப்பு நீர். அவங்ககிட்ட போய்க் கேளுங்க. வலிய வாங்கிட்டு வந்தா நான் இப்பவே பாக்குறேன்."

கேட்டீர்களா? தெரியாமல் செய்கிறவனை மன்னிக்கலாம். இவர் தெரிந்துதான் டை கட்டினார்.

ரோட்டுக்கு இறங்கி, சுற்றி, ஏறி, இனிப்பு நீர்ப் பிரிவு. அங்கே கதவு சாத்தியிருந்தது. ஷரீஃபுதீன் விழாப் பந்தலில் தம் நாற்காலி மற்ற இரண்டு நாற்காலிக்கும் பின்னால் போடப்பட்டதற்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். மறுபடி இறங்கி, சுற்றி, ஏறினார்கள். தியாகு இப்போது பாக்கியத்தின் தோளில் முழு பாரத்தையும் போட்டிருந்தார். கொதிப்புப் பிரிவில் பொன்னுதுரை தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். விழாவுக்குத் தயார் செய்து வைத்திருந்த குணமான நோயாளிக்கு, மேடை ஏறப்போகிற சந்தோஷத்தில் அன்று காலையில் கொதிப்பு ஏறிவிட்டதாம்.

வேறு வழியில்லாமல் தியாகுவின் கையில் பட்டையைச் சுற்றினார். ரப்பர் உருண்டையை அமுக்கினார். காற்றை விட்டார். பாதரசம் இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது. இன்னொரு தடவை பார்த்தார். நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார்.

"இறங்கிடுச்சு! அம்மா, உங்க கணவருக்குக் கொதிப்பு இறங்கிடுச்சு!"

"டாக்டர், அவரால நிக்கவே முடியலையே…"

"நிக்க வேண்டாம். மேடையில நாற்காலி இருக்கு."

"கை ஐஸ்ஸா இருக்கு, பாருங்க."

"கொதிப்பு இறங்குனா குளிர்ச்சிதானே வரும்?"

பாக்கியம் அவருடைய காலில் விழுந்தாள். வாழ்க்கையில் அவள் கோயில் தவிர வேறெங்கும் விழுந்ததில்லை. நெஞ்சுப் பிரிவில் ஒரு கட்டில், அது போதும் என்று அழுதாள். பொன்னுதுரை குனிந்து மெல்லிய குரலில் பேரம் பேசினார். அரை மணி நேரம் மேடையில் இருக்கட்டும். பெரிய மனிதர் மாலை போட்டதும், பொன்னுதுரையே ராஜரத்தினத்திடம் பேசிக் கட்டில் வாங்கித் தருவார். பெரிய மனிதர் முன்னால் கேட்டால் ராஜரத்தினம் மறுக்க முடியாது. அவள் புருஷனைப் பார்த்தாள். தியாகு கண்ணைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். மூழ்குகிறவனுக்குத் துரும்பும் தெப்பம். அவள் சரி என்றாள்.

பந்தலில் நல்ல கூட்டம். தியாகுவோடு பஸ் ஓட்டியவர்களும் வந்திருந்தார்கள். கோலாலம்பூர்ப் பெரிய மனிதர் கனத்த ரோஜா மாலையைத் தியாகுவின் கழுத்தில் போட்டார். தலை அந்தப் பாரத்துக்குக் குனிந்தது. வணங்குகிறார் என்று நினைத்துச் சபை கைதட்டியது. பொன்னுதுரை ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"மகாஜனங்களே! இவர் யார்? நேற்றுவரை கொதித்தவர்! இன்று? குளிர்ந்துவிட்டார்! வெள்ளைக்காரனால் இறக்க முடிந்ததா? முடியவில்லை! நாம் இறக்கினோம்! மற்ற பிரிவுகள் இவரைக் கைவிட்டன. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச விரும்பவில்லை. இருதயப் பிரிவு கைவிட்டது, இனிப்பு நீர்ப் பிரிவு கைவிட்டது, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேச விரும்பவில்லை. பாருங்கள் இந்த முகத்தை! எவ்வளவு அமைதி! இதுவரை என் பிரிவில் எந்த நோயாளியின் முகத்திலும் இந்த அமைதியை நான் கண்டதில்லை!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாக்கியம் எழுந்தாள். தியாகுவின் கை அவர் மடியிலிருந்து நழுவித் தொங்கியதை அவள் பார்த்துவிட்டாள். படியேறி மேடைக்குப் போய் முகத்தைத் தூக்கிப் பிடித்தாள். மாலையை விலக்கிக் காதை நெஞ்சில் வைத்தாள். கணவரை வாழ்த்த வந்த மனைவி என்று சபை இன்னும் பலமாகத் தட்டியது.

"நிறுத்துங்கடா!" என்றாள். ஒலிபெருக்கி அதைப் பந்தல் முழுவதும் கொண்டுபோனது. "செத்துட்டாரு. செத்த ஆளுக்குத்தான் தட்டிக்கிட்டு இருக்கீங்க."

கைதட்டல் நின்றது. பொன்னுதுரை அவசரமாகப் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நிமிர்ந்து, தாழ்ந்த குரலில், மரணம் கொதிப்பால் அல்ல, கொதிப்பு துளியும் இல்லை, அதற்குத் தாமே சாட்சி என்றார். வலியே இல்லாத இந்தச் சாவு இருதயச் சாவாக இருக்க முடியாது என்றார் ராஜரத்தினம். சட்டப்படி இவருக்கு இனிப்பு நீரே கிடையாது, டிரஸரைக் கேளுங்கள் என்றார் ஷரீஃபுதீன். மூன்று பேரும் பிணத்தின் மேல் குனிந்து குசுகுசுவென்று வாதாடினார்கள். தூக்குப்படுக்கை கொண்டு வரச் சொன்னதற்கு எந்தப் பிரிவின் படுக்கை என்று நல்லையா கேட்டார். ஒரு பிரிவும் கொடுக்கவில்லை. கொடுத்தால் சாவு அவர்களுடையதாகிவிடும்.

பாக்கியம் அழவில்லை. அழுகை வருகிற வழியை எல்லாம் கோபம் அடைத்திருந்தது. மேடைக்குப் பின்னால் போய்ப் பெரிய மனிதருக்காகப் போட்டிருந்த பிரம்புச் சாய்வுக்கட்டிலை இழுத்து வந்தாள். பஸ் டிரைவர்கள் ஓடிவந்து தியாகுவைத் தூக்கி அதில் கிடத்தினார்கள். சுமக்கவும் அவர்களே குனிந்தார்கள். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க விடுங்கண்ணே. இவங்க தூக்கட்டும்."

டாக்டர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"என்னா பாக்குறீங்க? உசிரோட வந்தப்ப ஆளுக்கொரு வாசல்ல நிறுத்தித் தொரத்துனீங்க. மூணு பேரும் சேந்து ஒரு தடவ அவரு மேல கை வச்சீங்களா? ஒரு தடவ? இப்ப வைங்க. கால்மாட்டுல ரெண்டு பேரு, தலைமாட்டுல ஒருத்தரு. நாலாவது மூல எனக்கு. காஜா பெராங்கு வரைக்கும் தூக்குங்க."

பெண் பாடையைத் தொடுவதா என்று யாரோ முனகினார்கள். பஸ்காரர்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததும் முனகல் நின்றது. பெரிய மனிதரும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்க்கிறார் என்பதால்தான் டாக்டர்கள் குனிந்தார்கள். வேறு காரணம் கற்பிக்க வேண்டாம். கோட்டுக் கையை மடித்துக்கொண்டு ஆளுக்கொரு கட்டில் காலைப் பிடித்தார்கள். யார் முன்னால் போவது என்று அப்போதும் ராஜரத்தினமும் பொன்னுதுரையும் முணுமுணுத்தார்கள். ஒருவர் தூக்க, மற்றவர் தாமதிக்க, கட்டில் ஒரு பக்கம் சாய்ந்தது. தியாகுவின் தலை மரச் சட்டத்தில் இடிக்கப் போனது.

பாக்கியம் பதறி மறு கையால் அவர் தலையைத் தாங்கிக்கொண்டாள்.

"மெதுவா தூக்குங்க, குலுக்காதீங்க," என்றாள். "அவருக்கு நெஞ்சு சரியில்ல."